கண்ணை வரையக் கற்கும் பிள்ளைக்கு என்ன பதில் சொல்கிறோம்?



சென்ற கோடை விடுமுறையில் ஆவுடையார்கோவிலில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியே இக்கட்டுரைக்குக் காரணம். ஒன்பதாம் வகுப்பை முடித்திருந்த என் மகள், சேர்த்து வைத்திருந்த பெருநாள் காசில் ஒரு பெட்டி அக்ரிலிக் வண்ணம் வாங்கினாள். தடித்த தாள் ஒன்றில் பென்சிலால் நான்கு கட்டங்கள் போட்டாள். முகத்தை முழுமையாக வரையும் அளவுக்கு அவளுக்குக் கை பழகவில்லை. ஆகவே ஒரு கட்டத்தில் இடக்கண், அடுத்ததில் வலக்கண், மூன்றாவதில் மூக்கு, நான்காவதில் உதடு என்று தனித்தனியே வரைந்து பழகினாள். எதிரே பொறுமையாக உட்கார்ந்திருந்தவர் என் லாத்தா, அவளுக்கு மாமி.

அன்று அஸருக்குப் பின் உறவினர் ஒருவர் வந்தார். காய்வதற்காக வைத்திருந்த அந்தத் தாளை எடுத்துப் பார்த்தார்.

"இரண்டு கண்ணும் ஏன் ஒன்றுபோல் இல்லை?" என்று கேட்டார்.

"மாமிக்கு அப்படித்தான் இருக்கிறது" என்றாள் மகள்.

வீட்டில் ஒரு கணம் யாரும் பேசவில்லை. வந்தவரும் அதை உணர்ந்து பேச்சை மாற்றினார். ஆனால் மாற்றிய பேச்சு வேறொரு இடத்தில் போய் நின்றது. "உருவம் வரைவது ஹராம் என்று உனக்கு யாரும் சொல்லித் தரவில்லையா?" என்றார். அவளிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. தூரிகையைக் கழுவி, வண்ணப் பெட்டியை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

லாத்தாவின் வலக்கண் செயற்கைக் கண். ஒன்பது வயதில் தெருவில் கிட்டிப்புள் விளையாடியபோது புள் தெறித்துக் கண் போனது. திருமணப் பேச்சு தொடங்கிய காலத்தில் ஆயத்தமாகக் கிடைத்த ஒரு பிளாஸ்டிக் கண்ணை வாங்கிப் பொருத்தினார்கள். அதன் கருவிழி மற்றக் கண்ணைவிடக் கறுப்பு. வெண்பகுதி சுண்ணாம்பைப் போல வெறும் வெள்ளை. காலப்போக்கில் அதுவும் மங்கிக் கீறல் விழுந்துவிட்டது. அவரைப் பார்க்கும்போது இடக்கண்ணை மட்டும் பார்த்துப் பேச நாங்கள் எல்லாரும் பழகிவிட்டோம். விருந்துகளில் அவர் எப்போதும் வலப்பக்கம் சுவர் இருக்கும்படி பார்த்து உட்காருவார். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குடும்பமே பார்க்காமலிருந்த ஒன்றை, பதினான்கு வயதுப் பிள்ளை ஒரு தூரிகையோடு அரை மணி நேரம் உட்கார்ந்ததில் பார்த்துவிட்டாள்.

அவளுக்கு நாம் தரவேண்டிய பதில் என்ன என்பதே என் கேள்வி. இது என் வீட்டுக் கேள்வி மட்டுமன்று. இன்று பிள்ளைகள் கைப்பேசியில் பார்த்து வரையக் கற்கிறார்கள். மீமிசலிலும் கோபாலப்பட்டினத்திலும் அறந்தாங்கியிலும் நம் வீடுகளில் இத்தகைய வண்ணப் பெட்டிகள் வந்துவிட்டன. பெற்றோரிடம் இரண்டே பதில்கள் இருப்பதைக் காண்கிறேன். ஒன்று, "ஹராம், தூக்கிப் போடு." மற்றொன்று, "என்னமோ செய்துகொண்டு போகட்டும்." முதலாவது மார்க்கத்தை அரைகுறையாகச் சொல்கிறது. இரண்டாவது மார்க்கத்தைச் சொல்லவே இல்லை.

மார்க்க அறிஞர்கள் சொல்வது

நான் ஆலிம் அல்லன், பள்ளிக்கூட ஆசிரியன். தீர்ப்புச் சொல்வது என் வேலையன்று. ஆனால் இப்பொருளில் அறிஞர்கள் எழுதியதைத் தேடிப் படித்தேன். எங்கள் பள்ளிவாசல் ஆலிமிடமும் நேரில் கேட்டேன். அறிந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

உயிருள்ளவற்றின் உருவங்களை உண்டாக்குவோரைப் பற்றிய எச்சரிக்கைகள் புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் உறுதியான அறிவிப்புகளாக வந்துள்ளன. படைத்தவற்றுக்கு உயிர் கொடுக்குமாறு மறுமையில் அவர்களிடம் கூறப்படும் என்பது அவற்றின் கருத்து. இவற்றை இலேசாக எடுத்துக்கொள்ள ஒரு முஸ்லிமுக்கு இடமில்லை. முற்கால அறிஞர்களில் பெரும்பாலோர் இத்தடையைச் சிலைக்கும் படத்துக்கும் பொதுவாகவே கொண்டார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவீ (ரஹ்) இதில் உறுதியாக நின்றவர்.

அதே காலத்தில் வேறு கருத்தும் இருந்தது. நிழல் விழும் சிலைகளுக்கே கடுமையான தடை, தட்டையான பரப்பில் வரைவது அந்த அளவினதன்று என்ற கருத்து, அபூபக்ர் (ரலி) அவர்களின் பேரரான காசிம் பின் முஹம்மத் (ரஹ்) அவர்களிடமிருந்து அறிவிக்கப்படுகிறது. மாலிக்கீ மத்ஹபினர் பலரும் இதையொட்டிக் கருத்துக் கூறியுள்ளனர். இமாம் நவவீ இக்கருத்தை ஏற்கவில்லை. ஆகவே இது கருத்து வேறுபாடுள்ள பொருள் என்பதையும், அவ்வேறுபாட்டில் கடுமையான பக்கமே நம் பகுதியில் வலுவாக உள்ளது என்பதையும் மறைக்காமல் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும்.

மூன்று செய்திகள் இதோடு சேர்த்து அறியத்தக்கவை. முதலாவது, இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் ஒருவர் வந்து, கையால் உருவங்கள் செய்வதே தம் பிழைப்பு என்றார். இப்னு அப்பாஸ் (ரலி) எச்சரிக்கையைச் சொன்னார்கள். அவர் முகம் வெளிறிப்போவதைக் கண்டு, மரங்களையும் உயிரற்றவற்றையும் செய்துகொள்ளும்படி வழி காட்டினார்கள். ஒருவரின் கைத்திறனை முடக்கிவிட்டு அனுப்பவில்லை. அதற்கு வேறு வேலை கொடுத்து அனுப்பினார்கள். இரண்டாவது, சிறுமியாயிருந்த ஆயிஷா (ரலி) அவர்கள் பொம்மைகளோடு விளையாடியதை நபி (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை. மூன்றாவது, தலை நீக்கப்பட்ட உருவம் மரத்தைப் போன்றதாகிவிடும் என்ற கருத்தில் அபூதாவூதிலும் திர்மிதீயிலும் அறிவிப்பு உள்ளது. உயிரோடு நிற்க இயலாத தனி உறுப்பு, அதாவது ஒரு கையோ ஒரு கண்ணோ, இத்தடையில் அடங்காது என்று இக்கால ஆலிம்கள் பலர் கூறுகின்றனர்.

என் மகள் வரைந்தது இந்த மூன்றாவது வகை. நான்கு கட்டங்களில் நான்கு உறுப்புகள். முகம் அங்கே இல்லை. வரையத் தொடங்குவோருக்கு ஓவிய ஆசிரியர்கள் சொல்லித்தரும் முதற்பாடமும் இதுதான். எங்கள் ஆலிமிடம் "படம் வரையலாமா?" என்று கேட்டிருந்தால் ஒரு சொல்லில் பதில் வந்திருக்கும். தாளையே கொண்டுபோய்க் காட்டி, "இதை, இந்த நோக்கத்துக்காக, இப்படி வரைகிறாள்" என்று சொன்னபோது அவர் நெடுநேரம் பேசினார். மற்றப் பொருள்களிலும் நாம் இப்படிக் கேட்டுப் பழகவேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

எங்கள் ஊர்த் தூண்கள்

ஆவுடையார்கோவிலில் வாழ்பவனுக்கு இந்தக் கேள்வி தெருவிலேயே நிற்கிறது. ஊருக்குப் பெயர் தந்த ஆத்மநாதர் கோயிலின் கற்சிற்பங்களைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ மக்கள் வருகிறார்கள். மரச்சட்டத்தில் ஆணி அறைந்ததுபோல் கல்லிலேயே செதுக்கிய கொடுங்கை பெயர்பெற்றது. தூண்களில் நிற்கும் உருவங்களில் நகமும் நரம்பும் தெரியும் என்பார்கள். ஆனால் அக்கோயிலின் கருவறையில் உருவம் எதுவும் இல்லை. ஆவுடையாராகிய பீடம் மட்டுமே உள்ளது. அருவமாகிய ஒன்றை வணங்குகிறோம் என்பதே அவர்கள் அதற்குத் தரும் விளக்கம்.

அவர்களின் வழிபாடு அவர்களுக்கு. நம் ஈமான் நமக்கு. எனினும் அண்டை வீட்டாராக ஒன்றைக் கவனிக்க முடிகிறது. வடிப்பது வேறு, வணங்குவது வேறு என்ற பிரிவு அந்தக் கட்டடத்திலேயே தெரிகிறது. உருவத் தடையின் முதன்மையான காரணமாக நம் அறிஞர்கள் சொல்வது, உருவம் வணக்கத்துக்குரியதாகிவிடும் என்ற அச்சத்தையும், படைப்பவனோடு போட்டியிடும் செருக்கையும்தான். நான்கு கட்டம் போட்டு மாமியின் கண்ணை வரைந்த பிள்ளையிடம் இவ்விரண்டில் எது இருந்தது? அந்தக் கண்ணின் கருவிழி எத்தனை நிறங்களால் ஆனது என்று கண்டு அவள் திகைத்துப்போனதைத்தான் நான் பார்த்தேன். "அத்தா, இது கறுப்பே இல்லை" என்றாள்.

உறுப்பை உள்ளபடி வரைவது என்றால் என்ன?

அந்தத் திகைப்பு எப்படி வருகிறது என்பதைப் பெற்றோர் அறிய வேண்டும். அதற்காக, அவளோடு உட்கார்ந்து நானும் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

அக்ரிலிக் என்பது நிறத்தூளை ஒருவகைப் பிளாஸ்டிக் பசையில் கலந்து செய்யும் வண்ணம். நீரில் கலந்து பயன்படுத்தும் அக்ரிலிக் 1950களில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஈரமாக இருக்கும்போது நீரில் கரையும், காய்ந்தால் கரையாது. எண்ணெய் வண்ணம் காய நாள்கணக்காகும். இது நிமிடங்களில் காயும், நம் ஊர்க் கோடையில் இன்னும் விரைவாக. எனவே தட்டில் கொஞ்சமாகவே பிதுக்க வேண்டும். தட்டின்மேல் அவ்வப்போது நீர் தெளிக்க வேண்டும். தூரிகையை உடனுக்குடன் கழுவ வேண்டும். விட்டால் மயிர் கல்லாகிவிடும். காய்ந்தபின் நிறம் சற்று அடர்ந்து தெரியும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். தவறினால் காயவிட்டு அதன்மேலேயே திருத்தலாம். பிழைக்கு இடங்கொடுப்பதால்தான் புதிதாகக் கற்போருக்கு இது ஏற்றது.

கண்ணை வரையும்போது எல்லாரும் செய்யும் முதல் தவறு, கண்ணின் வெண்பகுதியை வெள்ளையாகவே தீட்டுவது. கண் ஓர் உருண்டை. மேலிமையின் நிழல் அதன்மேல் விழுகிறது. ஆகவே வெண்பகுதி சாம்பலும் சற்றே பழுப்பும் கலந்த நிறம். ஓரங்களில் இன்னும் மங்கல். வெறும் வெள்ளை தீட்டினால் விழித்துப் பார்க்கும் பொம்மைக் கண்ணாகிவிடும். இரண்டாவது தவறு, கருவிழியை முழுவட்டமாக வரைவது. இயல்பாகப் பார்க்கும் கண்ணில் மேலிமை கருவிழியின் உச்சியை மூடியிருக்கும். நம் மக்களின் கருவிழி பெரும்பாலும் கரும்பழுப்பு. வெளிவிளிம்பில் அடர்ந்தும், ஒளி நுழையும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் சற்று வெளிறியும் இருக்கும். நடுவிலுள்ள பாவை மட்டுமே கறுப்பு. கடைசியாக, சன்னல் வெளிச்சம் படும் இடத்தில் ஊசிமுனை அளவு வெள்ளைப்புள்ளி வைத்தால் கண்ணில் ஈரம் தெரியும்.

மூக்குக்குக் கோடே கிடையாது. நாம் மூக்கென்று காண்பது ஒளியும் நிழலும் சந்திக்கும் இடங்களைத்தான். நாசித் துளையைக் கறுப்பால் நிரப்பாமல் செம்பழுப்பு நிழலால் தீட்ட வேண்டும். உதட்டில், ஒளி மேலிருந்து வருவதால் மேலுதடு அடர்ந்தும் கீழுதடு வெளிறியும் இருக்கும். இரண்டும் சேரும் கோடே மிக அடர்ந்தது; வெளி ஓரங்கள் தோலோடு மெல்லக் கரைந்துவிட வேண்டும்.

அளவுகளும் உண்டு. கண்கள் தலையின் பாதி உயரத்தில் இருக்கின்றன. நெற்றியை மறந்துவிட்டு அவற்றை மேலே ஏற்றி வரைவதே நம் வழக்கம். இரு கண்களுக்கும் இடையே ஒரு கண்ணின் அகலம் இடைவெளி உண்டு. காதுகள் ஏறத்தாழப் புருவத்துக்கும் மூக்கின் அடிக்கும் இடைப்பட்ட உயரத்தில் அமைகின்றன. இவை பொது அளவுகள். எதிரே இருப்பவரைப் பார்த்துப் பார்த்து இவற்றைத் திருத்திக்கொள்வதே உண்மையான வேலை. மனத்தில் இருக்கும் மூக்கை வரையாமல் எதிரே இருக்கும் மூக்கை வரைய வேண்டும். அறிந்ததாக நினைப்பதை ஒதுக்கிவிட்டுக் கண்டதை மட்டும் சொல்வது சாட்சி சொல்பவரின் ஒழுக்கம். நம் மார்க்கம் வலியுறுத்தும் ஒழுக்கமும் அதுவே.

நிறத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். பிள்ளைகளின் வண்ணப் பெட்டிகளில் வெளிர் ரோஜா நிறத்துக்குத் தோல் நிறம் என்று பெயர் வைத்திருப்பதைக் காணலாம். அது எங்கள் தெருவில் யாருடைய தோலும் இல்லை. லாத்தாவின் கன்னத்துக்கு யெல்லோ ஓக்கர் என்னும் காவி மஞ்சளையும், பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பையும், சிறிது கிரிம்சன் சிவப்பையும் கலக்க வேண்டியிருந்தது. நிழலுக்குக் கறுப்பைச் சேர்த்தால் அழுக்காகிவிடும். அல்ட்ராமரைன் நீலத்தைச் சிறிது சேர்த்தால் ஆழம் வரும். மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதை அல்லாஹ் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாகச் சூரா அர்ரூமின் 22ஆம் வசனத்தில் கூறுகிறான். அதை ஓதும் நாமே பெண் பார்க்கும்போது "நிறம் எப்படி?" என்று கேட்கிறோம். மாநிறக் கன்னம் ஒன்றைத் தட்டில் கலந்து எடுக்க ஒரு மணி நேரம் உழைத்த பிள்ளை, நாளை அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டாள் என்று நம்புகிறேன்.

ஒரு நபித்தோழரின் மூக்கு

இனி என் கருத்தின் நடுப்பகுதிக்கு வருகிறேன். முக உறுப்பை உள்ளபடி செய்யும் கைத்திறனுக்கு, கருத்து வேறுபாட்டுக்கு அப்பாற்பட்ட ஒரு பயன் இருக்கிறது.

அர்ஃபஜா பின் அஸ்அத் (ரலி) அவர்கள் இஸ்லாத்துக்கு முன் நடந்த குலாப் போரில் மூக்கை இழந்தவர். வெள்ளியால் ஒரு மூக்குச் செய்து பொருத்திக்கொண்டார். அது நாற்றமெடுத்தது. நபி (ஸல்) அவர்கள் தங்கத்தால் மூக்குச் செய்துகொள்ளுமாறு அவருக்குக் கூறியதாக அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் வருகிறது. ஆண்களுக்குத் தங்கம் அணியத் தடை இருக்கிறது. அப்படியிருந்தும் ஒரு மனிதரின் முகம் சீராவதற்காக அத்தடை தளர்ந்தது. மூக்கின்றி இருந்துகொள் என்று அவருக்குச் சொல்லப்படவில்லை. மனிதர்கள் நடுவே முகத்தோடு நடமாடுவது ஒருவருக்கு எவ்வளவு தேவையானது என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

அர்ஃபஜா (ரலி) அவர்களின் மூக்கைச் செய்தவர் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் அத்தகைய தொழிலாளர்கள் பின்னரும் தேவைப்பட்டார்கள். முதல் உலகப்போரில் முகம் சிதைந்த படைவீரர்களுக்காக 1918இல் பாரிஸில் அன்னா கோல்மன் லாட் என்ற அமெரிக்கச் சிற்பி ஒரு கூடம் நடத்தினார். மெல்லிய செப்புத் தகட்டில் முகமூடி செய்து, வீரர் அதை அணிந்திருக்கும்போதே அவரது தோலின் நிறத்துக்கேற்ப அதன்மேல் வண்ணம் தீட்டினார்கள். இரண்டாம் உலகப்போரின்போது ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்த கண்ணாடிக் கண்கள் கிடைக்காமற் போயின. அப்போது பல்செட் செய்யப் பயன்பட்ட அக்ரிலிக்கைக் கொண்டு அமெரிக்கப் படையின் பல் மருத்துவப் பிரிவினர் செயற்கைக் கண் செய்தார்கள். இன்றும் செயற்கைக் கண் பெரும்பாலும் அக்ரிலிக்கால்தான் செய்யப்படுகிறது. பிள்ளையின் வண்ணக் குப்பியிலுள்ள பசையும் அதுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பொருள்கள்.

உறவினர் வந்துபோன இரவு, லாத்தா அந்தத் தாளை விளக்கடியில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "இப்போதெல்லாம் ஆளைப் பார்த்தே செய்கிறார்களாமே?" என்று கேட்டார். அவர் தம் கண்ணைப் பற்றி என்னிடம் பேசியது அதுவே முதல் முறை.

மகளையும் அழைத்துக்கொண்டு மதுரையில் ஒரு கண் மருத்துவமனைக்குப் போனோம். அங்கே நாங்கள் கண்டது இது. முதலில் கண்குழியின் அச்சை எடுத்தார்கள். அதைக்கொண்டு மெழுகில் வடிவம் செய்து, இமை சரியாக மூடித் திறக்கிறதா என்று பொருத்திப் பார்த்தார்கள். பின்பு வெண்பகுதியை அக்ரிலிக்கில் வார்த்தார்கள். அதன்பிறகு அந்தத் தொழில்நுட்பர் லாத்தாவைச் சன்னலோரம் எதிரே உட்கார வைத்து, அவரது நல்ல கண்ணைப் பார்த்தபடியே ஒரு சிறு வில்லையில் கருவிழியைக் கையால் தீட்டினார். அடர்ந்த வெளிவிளிம்பு, உள்ளே கரும்பழுப்பு, அதன்மேல் வெளிறிய கதிர்கள் என்று படலம் படலமாகத் தீட்டினார். வெண்பகுதியில் சிறிது மஞ்சளும் சாம்பலும் ஏற்றினார். நரம்புகளுக்காக முடியைவிட மெல்லிய சிவப்பு நூலிழைகளை ஒட்டினார். எல்லாவற்றின் மேலும் தெளிந்த அக்ரிலிக்கை வார்த்துப் பதப்படுத்தி மெருகிட்டார்கள்.

என் மகள் வீட்டில் நான்கு கட்டம் போட்டுச் செய்ததும் இங்கே நடந்ததும் ஒரே பாடம். வெள்ளை வெள்ளையல்ல, கறுப்பு கறுப்பல்ல, எதிரே இருப்பதைப் பார். அவள் அந்த மேசையை விட்டு நகரவில்லை. இடையே தொழில்நுட்பர் அவளிடம், "விளிம்பு போதுமா?" என்று கேட்டார். "இன்னும் கொஞ்சம் அடர்த்தி வேண்டும், சார்" என்றாள். அவர் தீட்டினார்.

இந்தக் கண்ணால் பார்க்க முடியாது என்பதை நம்மில் பலர் அறியாமல் எதிர்பார்ப்போடு போகிறார்கள். அதை முன்பே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது மெருகிட வேண்டும். ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை போல மாற்ற வேண்டியிருக்கும். லாத்தாவைப் போல ஒன்றையே பல்லாண்டு அணிந்தால் கீறல் விழுந்து இமையின் உட்புறம் புண்ணாகும். நம் குடும்பங்களில் விபத்திலும் நோயிலும் கண்ணை இழந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்காததுபோல் பழகுவதை நாகரிகம் என்று நினைத்துக்கொள்கிறோம். கேட்டு, அழைத்துப் போவதே கடமை.

நாம் செய்யத்தக்கவை

எதிர்க்கருத்து ஒன்று எழலாம். இலட்சத்தில் ஒருவர் செயற்கைக் கண் செய்வார். அதற்காக எல்லாப் பிள்ளைகளுக்கும் வாசலைத் திறந்துவிடுவதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு கைத்திறன் எங்கே போய்ச் சேரும் என்பதைப் பதினான்கு வயதில் யாரும் அறிய முடியாது. முகச்சீரமைப்பு அறுவை மருத்துவரும், பல்லின் நிறத்தை இசைவித்துப் பல்செட் செய்பவரும், உடற்கூற்றுப் பாடநூலுக்குப் படம் வரைபவரும் இதே கண்பயிற்சியில்தான் தொடங்குகிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒளியையும் பார்வையையும் ஆராய்ந்து நூல் எழுதிய இப்னுல் ஹைஸம் கண்ணின் அமைப்பையும் விளக்கினார். 1083இல் படியெடுக்கப்பட்ட அவரது நூற்பிரதியில் இரு கண்களும் நரம்புகளும் வரைபடமாக இடம்பெற்றுள்ளன. பார்த்ததைப் பதிவு செய்யும் திறன் நம் சமுதாயத்துக்கு அந்நியமானதன்று.

ஆகவே என் முடிவைத் தெளிவாகச் சொல்கிறேன். வரம்பில்லாமல் விட்டுவிடாதீர்கள், வழியில்லாமல் அடைத்தும் விடாதீர்கள். மரத்தையும் கடலையும் மண்பானையையும் வரையட்டும். இதில் யாருக்கும் மறுப்பில்லை, கையும் நன்கு பழகும். அதன்பின் கண், மூக்கு, காது, உதடு என்று தனித்தனி உறுப்புகளைக் கற்கட்டும். முழு முகத்துக்குப் போகலாமா என்பதை உங்கள் மத்ஹபையும் ஆலிமையும் கேட்டு, அவள் கேட்கும்படியே பேசி முடிவு செய்யுங்கள். கடுமையான கருத்தை ஏற்பவர் உறுப்புகளோடு நிறுத்திக்கொள்ளலாம். நபிமார்களின் உருவத்தை வரைவது ஒருபோதும் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். வரைந்தவற்றைத் தொழும் இடத்தில் வைக்க வேண்டாம். யாரை வரைந்தாலும் அவரது இசைவு பெறவேண்டும். கைப்பேசியில் ஊருக்கெல்லாம் காட்டுவதற்கும் தனியே இசைவு வேண்டும். பாங்கு சொன்னால் வண்ணம் காய்ந்தாலும் பரவாயில்லை, தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு எழவேண்டும்.

இவற்றைச் சொல்ல நமக்குப் பொறுமை வேண்டும். ஒற்றைச் சொல்லில் தடுப்பது எளிது. ஆனால் அப்படித் தடுக்கப்பட்ட பிள்ளை வரைவதை நிறுத்துவதில்லை. நம்மிடம் காட்டுவதை நிறுத்துகிறாள். அதன்பின் எது ஹலால், எது ஹராம் என்று அவள் கேட்கும் இடம் நம் வீடாக இருக்காது.

வண்ணப் பெட்டி மேல்தட்டிலிருந்து இறங்கிவிட்டது. அதை இறக்கிக் கொடுத்தவர் லாத்தாதான். சென்ற மாதம் அறந்தாங்கியில் ஒரு நிக்காஹ் விருந்துக்குப் போயிருந்தோம். பெண்கள் பகுதியில் இடம் தேடியபோது, சுவரோரம் ஓர் இருக்கை காலியாக இருந்ததாம். அதில் தன்னை உட்காரச் சொல்லிவிட்டு மாமி நடுவரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார் என்று திரும்பி வரும் வழியில் என் மகள் சொன்னாள்.

அழகிய உருவம் அளிப்பவனாகிய அல்லாஹ், அவன் தந்த கண்களால் அவன் படைப்பை உள்ளபடி பார்க்கவும், அவன் விதித்த வரம்பைப் பேணவும், ஒருவர் குறையை மற்றவர் போக்கவும் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.